கறுப்புக் கம்பி

என் கணவர் ஆனந்தராசா குடிக்கமாட்டார், சீட்டு விளையாடமாட்டார், ஊர்க்கதை பேசி வீட்டுக்கு வீடு திரியமாட்டார். கடவுள் இதையெல்லாம் ஒழித்துவிட்டு அவருக்கு ஒரேயொரு பித்தைக் கொடுத்தார். பழைய ஓட்டோமாட் பித்து.

ஓட்டோமாட் என்றால் அந்தக் காலத்து ஜெர்மன் மதுக்கடைகளில் சுவரில் மாட்டியிருந்த சூதாட்டப் பெட்டி. பத்துப் பெனிச் நாணயத்தைப் போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று வட்டத் தகடுகள் சுழலும். அவை நிற்கும்போது எண்கள் பொருந்தினால் கீழே தட்டில் காசு விழும், பொருந்தாவிட்டால் போட்ட காசு போனதுதான். பெனிச்சே செல்லாக்காசாகிப் போன பிறகும் இந்தப் பெட்டிகளைத் தேடிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் இந்த மனிதரைக் கட்டிய பிறகுதான் அறிந்தேன்.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் வீட்டின் நிலவறை, கெல்லர், முழுக்க இவைதான். பகலில் பொருட்கிடங்கு ஒன்றில் வேலை, வந்து சாப்பிட்டதும் கீழே போய்விடுவார். இறுகிப்போன கிரீசைப் பெற்றோலில் துடைப்பார், தேய்ந்த ரப்பர் வார்களை மாற்றுவார், கறுத்துப்போன மின்முனைகளை மெல்லிய தாளால் உரசி மினுக்குவார். எதைக் கழற்றுவதற்கு முன்னும் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வார். எந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்று ஞாபகத்தை நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு பெட்டி சரியானதும் முதல் நாணயத்தைப் போட என்னைத்தான் கூப்பிடுவார். நான் திட்டிக்கொண்டே இறங்குவேன். தகடுகள் சுழலத் தொடங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட வராது.

எனக்கு இந்தப் பெட்டிகளில் கோபமில்லை. கோபம் என் மச்சாள் கமலாம்பிகையில்தான். இவருடைய ஒரே அக்கா, காரில் முக்கால் மணித்தியாலத் தூரத்தில் கொலோனில் இருக்கிறார். என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், மண்டபம் நிறையச் சனம் இருக்க, "சூதுப்பெட்டி வச்சிருக்கிற வீட்டிலை லட்சுமி எப்பிடித் தங்குவா? இவள் சாந்தா கண்டிச்சிருந்தால் என்ரை தம்பி இப்பிடிப் போவானே?" என்று சொன்னார். மைக் மட்டும்தான் கையில் இல்லை. அன்றோடு நான் அவருடன் பேசுவதை விட்டேன். நாலு வருடம்.

அதே கமலாம்பிகை வீட்டுக்கு இப்போது ஒரு ஓட்டோமாட் போயிருந்தது. அவருடைய கணவர் அரியரத்தினம் அண்ணைக்கு அறுபது பிறக்கிறது. அகதியாக வந்த புதிதில் அவர் ஒரு மதுக்கடையில் கோப்பை கழுவியவர். அந்தக் கடையின் சுவரில் அப்படி ஒரு பெட்டி மாட்டியிருந்ததாம். ஒருநாளும் அதில் காசு போட்டுப் பார்த்ததில்லையாம். இப்போது சொந்தவீட்டுக் கெல்லரில் ஒரு மூலையை மதுக்கடை மாதிரியே மரம் அடித்துச் செய்துவிட்டு, "மச்சான், சுவரிலை ஒண்டுதான் குறை" என்று இவரிடம் கேட்டார். இவர் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பெட்டியோடு கிடந்தார். அலுமினியச் சட்டத்தை நான் முகம் பார்க்கிற மாதிரி மினுக்கினார். பழைய இரட்டைக் கம்பி வயரை வீசிவிட்டு, பெட்டியின் உடலோடு சேரும் நிலக்கம்பியும், அதாவது எர்த்தும், உள்ள புது வயர் போட்டார். பாதுகாப்புக்கு.

போன வாரமே கொலோனுக்குப் போய் பெட்டியைச் சுவரில் மாட்டி, அதற்குப் பக்கத்தில் உடைந்திருந்த பழைய பிளக் பொயின்ரையும் மாற்றிவிட்டு வந்தார். ஆனால் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கவில்லை. மச்சாள் விடவில்லை. பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, நல்லநேரத்தில் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் தொடங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். இதற்கு நான் சிரிக்கமாட்டேன். உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு நானும் பொட்டு வைத்தவள்தான், காருக்குத் தேசிக்காயும் வைத்தவள்தான். சூதுப்பெட்டிக்குப் பொட்டு வைக்க மச்சாளுக்கு மனம் வந்ததே என்றுதான் சிரித்தேன்.

அந்த ஞாயிறு நாங்கள் போகவில்லை. நான் வரமாட்டேன் என்றேன். இவர், நீர் வராமல் நான் காலையில் போய் நின்றால் எல்லாரும் கேட்பார்கள், பின்னேரம் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கெல்லருக்குப் போய்விட்டார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

படியேறி ஓடிவரும் சத்தம் கேட்டது. ஐம்பத்தாறு வயதில் இவர் ஓடி நான் கண்டதில்லை. கதவில் வந்து நின்றபோது முகத்தில் இரத்தம் இல்லை.

"சாந்தா, அக்கா வீட்டுக்குப் போன் அடியும். கெதியா அடியும். பெட்டியைத் தொட வேண்டாம் எண்டு சொல்லும்."

"என்ன நடந்தது?"

"கறுப்பு. கறுப்பிலைதான் கரண்ட் வருது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சப்பாத்தைத் தேடிக்கொண்டே, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அவர் வயரிங் பழகியது யாழ்ப்பாணத்தில். அங்கே சிவப்புக் கம்பியில் கரண்ட் வரும், கறுப்பு வெறும் கம்பி, நியூட்ரல். இங்கே புது வீடுகளில் மண்ணிறம், நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்தது, அதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை. ஆனால் மச்சாளின் வீடு போருக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய பழைய வீடு. அந்தச் சுவருக்குள்ளிருந்து வந்தவை இரண்டே கம்பிகள்: ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். நிலக்கம்பி தனியாக இல்லாத அந்தக் காலத்தில், பிளக் பொயின்ரின் நிலமுனையை வெறும் கம்பியோடு ஒரு சின்னத் துண்டால் இணைத்துவிடுவார்களாம். இவரும் அப்படியே இணைத்தார். கறுப்போடு. சின்ன வயதில் பழகிய கை, கண்ணைக் கேட்காமல் கறுப்பைத் தெரிந்தெடுத்திருக்கிறது. நான் சாப்பிட வரச்சொல்லித் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்ததால், கழற்றுமுன் அன்றைக்கு மட்டும் படம் எடுக்கவில்லை. மேசைவிளக்கு ஒன்றைக் குத்திப் பார்த்தார், எரிந்தது, சரி என்று வந்துவிட்டார்.

இன்று கீழே இன்னொரு பெட்டியைத் திறந்திருக்கிறார். அதிலும் கறுப்பும் சாம்பலும். கறுப்பு நேரே ஃபியூஸுக்குப் போயிருந்தது. கரண்ட் வருகிற கம்பியில்தான் ஃபியூஸ் வைப்பார்கள். அதைக் கண்டதும்தான் தலையில் இடி.

"அப்ப அந்தப் பெட்டி..."

"பிளக்கைக் குத்தினால் பெட்டி முழுக்கக் கரண்ட். நான் போட்ட நிலக்கம்பியே அதைப் பெட்டிக்குக் கொண்டுபோகும். அந்த வீட்டிலை கரண்ட் கசிஞ்சால் தானா விழுற சுவிட்சும் இல்லை. அக்கா வெறுங்காலோட நிப்பா, சாந்தா. ஈரக் கையாலை பொட்டு வைப்பா."

சொல்லிவிட்டு, தேடிய சப்பாத்தும் கிடைக்காமல், வீட்டுச் செருப்போடு ஓடினார். கார் புறப்படும் சத்தம் கேட்டது. நல்லநேரம் பன்னிரண்டு மணிவரை என்று அவர் சொல்லியிருந்தது நினைவு வந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், பதினொன்றரை. கொலோனுக்கு அவர் போய்ச் சேருமுன் பொட்டு வைத்து முடித்துவிடுவார்கள்.

கொலோனிலேயே இருக்கிற, பெட்டியைக் கொண்டுபோய் இறக்க உதவிய கொட்வினுக்கு அடித்தேன். அவர் மன்னார்க்காரர், ஞாயிறு காலை மாதா கோயிலில் பாடுகிறவர். தொலைபேசி நிறுத்தியிருந்தது. மச்சாளின் கைத்தொலைபேசிக்கு அடித்தேன், அவருடைய மகள் ஆரணியின் தொலைபேசிக்கு அடித்தேன். இரண்டும் கிடைக்கவில்லை. எல்லாரும் கெல்லரில் நிற்கிறார்கள், தரைக்குக் கீழே சிக்னல் எங்கே வரும்? கடைசியாக வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தேன்.

தண்ணீர் எடுக்க மேலே வந்திருப்பார் போல, எடுத்தது கமலாம்பிகை மச்சாள்தான்.

கொஞ்சம் பக்குவமாகத் தொடங்கியிருக்கலாம். என் வாய்க்கு அது பழக்கமில்லை. அதுவும் நாலு வருடம் பூட்டியிருந்த வாய்.

"மச்சாள், சாந்தா கதைக்கிறன். அந்தப் பெட்டியைத் தொடாதேங்கோ. தொட்டால் செத்துப்போவியள்."

"நாலு வருசம் வாய் திறக்கேல்லை. இண்டைக்கு நல்லநாளும் அதுவுமாத் திறந்து சொல்லுற சொல்லைப் பார். உனக்குப் பொறாமையடி. என்ரை மனுசன் அறுபதைக் காணுறது பொறுக்கேல்லை."

"ஐயோ, அப்பிடியில்லை, கரண்ட்..."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தரம் அடித்தேன். அதுவும் நின்றது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த மனிசி சாகப்போகிறாள், சாகும்போதும் சாந்தாவின் சாபத்தால்தான் சாகிறேன் என்று நினைத்துக்கொண்டு சாகப்போகிறாள். ஊரும் அப்படித்தான் சொல்லும். இவர்? தன் கையாலேயே அக்காவைக் கொன்றவர் என்ற நினைப்போடு அந்த மனிதர் எத்தனை நாள் உயிரோடு இருப்பார்?

அவசர இலக்கத்துக்கு அடித்தேன். யாருக்கும் காயமா என்று அந்தப் பெண் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். இன்னும் இல்லை என்றால் என்ன பொருள் என்று கேட்டாள். என் ஜெர்மன் மொழி எனக்குக் கடையில் போதும், டொக்டரிடம் போதும். ஒரு பெண் வெறுங்காலோடு நின்று சூதாட்டப் பெட்டிக்கு ஈரக் கையால் பொட்டு வைக்கப்போகிறாள் என்பதை எந்த மொழியில் சொல்வது? மின்சாரம், உயிராபத்து என்று இரண்டு சொல்லையே திரும்பத் திரும்பக் கத்தினேன். அவள் பொறுமையாக முகவரியைக் கேட்டு எழுதி, ஆட்களை அனுப்புவதாகச் சொன்னாள்.

இவர் எங்கே வரை போயிருக்கிறார் என்று கேட்க அவருடைய இலக்கத்துக்கு அடித்தேன். மணி அடித்தது. என் காலுக்குக் கீழே அடித்தது. படம் எடுக்கவென்று கொண்டுபோன தொலைபேசி கெல்லர் மேசையிலேயே கிடக்கிறது. இனி நான்தான், வேறு ஒருவரும் இல்லை.

மறுபடி வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தேன். பிள்ளையாரே, யாராவது எடுக்கட்டும்.

"ஹலோ?" அரியரத்தினம் அண்ணையின் குரல்.

"அண்ணை, சாந்தா. வைக்காதேங்கோ! பெட்டிக்குப் பிளக் குத்தியாச்சோ?"

"ஓம் பிள்ளை, இப்பதான் குத்தினது. லைட் எல்லாம் எரியுது, நல்ல வடிவு! நான் நெருப்புப்பெட்டி எடுக்க மேலை வந்தனான். பிறகு கதைப்பமே?"

"அண்ணை, பெட்டியிலை கரண்ட் பாயுது."

அவர் சிரித்தார். "ஓட்டோமாட் எண்டால் கரண்ட் பாயத்தானே வேணும்."

"மச்சாளைத் தொட விடாதேங்கோ! இவர் வயரை மாத்திப் பூட்டிப்போட்டார்!"

"பிள்ளை," அவர் குரல் தாழ்ந்தது, வருத்தமாகவும் வந்தது. "கமலா சொன்னவ, நீங்கள் என்னவோ சொன்னீங்கள் எண்டு. உங்கட சண்டையை இண்டைக்கு ஒருநாள் விடுங்கோவன். அவ செம்போட நிக்கிறா, நேரம் போகுது. நான் வைக்கிறன்."

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் எந்த உண்மையைச் சொன்னாலும் அது அந்த வீட்டில் சண்டையாகத்தான் விழும். நல்லகாரியத்தை எங்கள் வீடுகளில் ஒன்றே ஒன்றுதான் நிறுத்தும். இழவுச் செய்தி. சாவுத் துடக்கு வந்த வீட்டில் அதற்குமேல் ஒருவரும் குங்குமச் சிமிழைத் தொடமாட்டார்கள். ஆனால் யாரைச் சாகடிப்பது? கனடாவில் ஒரு பெரியப்பா என்றால் எந்தப் பெரியப்பா என்று கேட்பார்கள். தூரத்து உறவென்றால், பொட்டை வைத்துவிட்டு வந்து கேட்போம் என்பார்கள். கேள்வி கேட்காமல், செம்பைப் போட்டுவிட்டு மச்சாள் ஓடிவருவது ஒரு பெயருக்குத்தான்.

என் இடதுகை தாலிக்கொடியைப் பிடித்திருந்தது. நான் பிடிக்கச் சொல்லவில்லை.

"அண்ணை," என்றேன். "இவர் போயிட்டார்."

"எங்கை போயிட்டார்?"

இரண்டாம் தரமும் சொல்லவேண்டியிருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"செத்துப்போயிட்டார் அண்ணை. உங்கட மச்சான் செத்துப்போயிட்டார்."

தொலைபேசி எதிலோ விழுந்து உருண்டது. அண்ணை கத்தினார். "கமலா! விடு! எல்லாத்தையும் விட்டிட்டு மேலை வா! தம்பி போயிட்டானாம்!" பிறகு மரப்படியில் கால்கள், பல கால்கள். ஒரு செம்பு உருண்டு உருண்டு கீழே போனது. அதற்குப் பிறகு மச்சாளின் குரல். "என்ரை ராசா!" என்ற ஒரு சொல். அவர் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் வேண்டாம்.

நான் தொலைபேசிக்குள் கத்திக்கொண்டே நின்றேன். கடைசியில் ஆரணி எடுத்தாள், தேம்பிக்கொண்டு.

"மாமி... எப்ப மாமி? மாமாவுக்கு என்ன?"

"பிள்ளை, முதல் நான் கேக்கிறதைச் சொல்லு. கீழை ஆரும் நிக்கினமே?"

"இல்லை, எல்லாரும் மேலை. அம்மா விழுந்திட்டா..."

"கரண்ட் அடிச்சதே?"

"என்ன கரண்ட்? அம்மா பெட்டியைத் தொடவே இல்லை. அப்பா கத்தின உடனை ஓடிவந்து படி வாசல்லை விழுந்தவ."

"உடனை போய் மெயின் சுவிட்சை நிப்பாட்டு. பெட்டியை ஒருத்தரும் தொடக்கூடாது. அதைத் தொட்டால் ஆள் முடிஞ்சுது."

அவள் கெட்டிக்காரி. ஏன் என்று கேட்காமல் போனாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. திரும்பி வந்தாள்.

"நிப்பாட்டியாச்சு. மாமி, மாமா..."

"மாமா உயிரோடதான் இருக்கிறார். அங்கைதான் வந்துகொண்டிருக்கிறார். உங்களை மேலை எடுக்க எனக்கு வேற வழி தெரியேல்லை, பிள்ளை."

"மாமி," என்றாள் ஆரணி, மிக மெதுவாக. "உங்களுக்கு விசரே?"

அவள் வைத்த பிறகு வீடு அமைதியாக இருந்தது. வெட்டிய வெங்காயம் அப்படியே கிடந்தது. மச்சாள் தப்பிவிட்டார். நிம்மதியாக இருக்கவேண்டியவள் நான், ஆனால் முடியவில்லை. வீட்டுச் செருப்போடு, அறிவு கலங்கிய நிலையில், நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு ஒரு மனிதர் போகிறார். கையில் தொலைபேசி இல்லை. அவர் செத்துவிட்டார் என்று அவருடைய பெண்சாதி தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். எங்கள் வீடுகளில் போய்வருகிறேன் என்றுதான் சொல்வோம், போகிறேன் என்றுகூடச் சொல்லமாட்டோம். நான் என்ன சொல்லியிருக்கிறேன்! வானொலியைப் போட்டேன். கொலோனுக்குப் போகிற வழியில், லெவர்குசன் பக்கம் ஏதோ விபத்தால் நெரிசல் என்றார்கள். அணைத்துவிட்டேன். சாமி அறைக்குள் போய்க் கும்பிட வாய் வரவில்லை, பிள்ளையாரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கதவடியில் தரையில் இருந்தேன்.

தொலைபேசி அடித்தபோது எடுக்கப் பயமாக இருந்தது.

"சாந்தா."

அவருடைய குரல்தான். நான் அழுதேன்.

"தீயணைப்புக்காரர் மெயினைத் திரும்பப் போட்டு மீற்றர் வச்சுப் பார்த்தவை," என்றார். "பெட்டி முழுக்க. காசு விழுற தட்டிலையும்." பிறகு அவரும் அழுதார். "நான் உள்ளுக்கு வரேக்கை சனம் என்னைப் பார்த்த பார்வையை நீர் பார்த்திருக்கோணும். அக்கா என்ரை முகத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறா."

பின்னேரம் எங்கள் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். இவர் யாரோ கொடுத்த பெரிய சப்பாத்தோடு பின்னால் நின்றார். முன்னால் கமலாம்பிகை மச்சாள். பட்டுச்சேலை கசங்கி, கண் வீங்கி, நெற்றிப் பொட்டு அழிந்து. நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். வாங்கவேண்டிய ஏச்சுத்தான்.

"சொல்லுறதுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கேல்லையே?" என்றார்.

"நீங்கள் வேற ஆருக்கு ஓடிவந்திருப்பியள், மச்சாள்?"

அவர் என்னைத் தாண்டி உள்ளே வந்து, சமையலறையில் மேசையடியில் இருந்தார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சாவன் எண்டு சொன்னனி. நம்பேல்லை. அவன் செத்திட்டான் எண்டு சொன்னனி. உடனை நம்பிப்போட்டன். எந்தப் பெண்சாதி இதைப் பொய்யாச் சொல்லுவாள்?"

பிறகு எழுந்து, கைப்பையைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்தார். அந்தப் பெட்டிக்கென்று வைத்திருந்த சிமிழ். தண்ணீர்க் குழாயில் விரலை நனைத்தார், குங்குமத்தில் தொட்டார், என் நாடியை நிமிர்த்திப் பிடித்து நெற்றியில் வைத்தார். தாலியிலும் வைத்தார்.

"இனி இந்த வாயாலை அப்பிடிச் சொல்லாதை," என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன். அவருடைய விரல் இன்னும் ஈரமாக இருந்தது. நான் அந்தக் கையை விடவில்லை.